மூன்று லட்ச ரூபாயில் தொடங்கியது: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை வந்த வழி

"ஸ்காலர்ஷிப் பசங்க எல்லாம் எழுந்து நில்லுங்க."

கல்லூரியில் படித்த நம்மில் பலருக்கு இந்தக் குரல் பழக்கமானது. ஆள் மாறும், வகுப்பு மாறும், வாக்கியம் மாறாது. எழுந்து நிற்கும் பத்துப் பதினைந்து பேரை மற்ற ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அரை நிமிடத்தில் யார் எந்தத் தெரு என்பது வகுப்புக்கே தெரிந்துவிடும். பணம் ஆறு மாதம் கழித்து வரும், வராமலும் போகும். அவமானம் மட்டும் அன்றைக்கே வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் ஒவ்வொரு ஆண்டும் விண்ணப்ப உதவி மேசை போடுகிறோம். முதலாமாண்டு சேர்ந்த ஒரு தங்கை போன முறை எங்களிடம் கேட்டாள்: "அண்ணா, இது நமக்கு ஏன் குடுக்கறாங்க? ஓசியில படிக்கறீங்கன்னு கிளாஸ்ல சொல்றாங்க." பதில் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. வரிசையில் இன்னும் இருபது பேர் நின்றார்கள். அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

உதவித்தொகை என்றதும் நம் மேடைகளில் முதலில் சொல்லப்படுவது பரோடா கதை. தவறில்லை, ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறோம். இளைஞர் பீமராவுக்கு எல்பின்ஸ்டன் கல்லூரியில் படிக்க மாதம் 25 ரூபாய் கொடுத்தவர் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட். மன்னரிடம் அவரை அழைத்துப் போனவர் கே.ஏ. கேளுஸ்கர் என்ற ஆசிரியர். 1913-இல் அதே மன்னர் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குத் தந்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பணத்தோடு ஓர் ஒப்பந்தமும் இருந்தது. படித்து முடித்ததும் பத்து ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும். லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். கொலம்பியாவில் படித்த அதிகாரிக்குப் பரோடா நகரத்தில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. சாதியை மறைத்துப் பார்சி விடுதியில் தங்கியதும், கம்போடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியதும் அவரே எழுதிவைத்த சம்பவங்கள்.

மீண்டும் லண்டன் போக அவருக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக இருந்து சேர்த்த பணம், கோலாப்பூர் சாகு மகாராஜ் தந்த உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன் எல்லாவற்றையும் திரட்டிக்கொண்டு 1920-இல் கப்பலேறினார். ஒருவரின் படிப்பு ஒரு மன்னரின் மனதையும், ஒரு நண்பரின் பையையும் நம்பி நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். இருபதாண்டு கழித்து அதிகாரத்தில் ஓர் இடம் கிடைத்தபோது அவர் செய்ததை இந்த அனுபவத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதற்கு முன் நம் பக்கத்து நிலவரத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். சென்னை மாகாணத்தில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவே திறக்காத காலம் அது. கோயம்புத்தூரில் படித்த இரட்டைமலை சீனிவாசன், தன் சாதி தெரிந்துவிடக் கூடாதே என்று சக மாணவர்களோடு விளையாடாமல் ஒதுங்கி இருந்ததைத் தன் ஜீவிய சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். எழுந்து நிற்கச் சொல்லும் குரலுக்கு வயது நூற்றைம்பது இருக்கும் போலிருக்கிறது. ஆல்காட் 1894-இல் அடையாறில் தொடங்கிய இலவசப் பள்ளி, சுவாமி சகஜானந்தா 1916-இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி, மிஷனரிகளின் பள்ளிகள், 1920 முதல் தொழிலாளர் துறையின் பொறுப்பில் நடந்த பள்ளிகளும் விடுதிகளும் என்று கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அந்தத் தொழிலாளர் துறையின் வேலைதான் பிறகு அரிசன நலத்துறைக்குப் போய், இன்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையிடம் இருக்கிறது. நாம் வரிசையில் நிற்கும் அலுவலகத்துக்கு நூறு வயது. இவையெல்லாம் பெரும்பாலும் பள்ளிப் படிப்போடு நின்றன. மெட்ரிகுலேஷன் முடித்தவனுக்கு அதற்கு மேல் போகப் பணம் கிடையாது. "போஸ்ட் மெட்ரிக்", அதாவது மெட்ரிக்குக்குப் பின், என்ற பெயர் வந்த இடம் அதுதான்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார் அம்பேத்கர். பதவியேற்ற நான்காவது மாதம், அக்டோபர் 29 அன்று, வைஸ்ராய் லின்லித்கோவிடம் ஒரு நீண்ட மனுவைக் கொடுத்தார். அட்டவணைச் சாதியினரின் குறைகள் என்பது அதன் பொருள். அவரது ஆங்கிலத் தொகுப்பின் பத்தாம் தொகுதியில் இருக்கிறது; மாணவத் தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும். உணர்ச்சிப் பேச்சு அதில் குறைவு. வரவு செலவுக் கணக்குப் போலத்தான் இருக்கும்.

அதில் கல்வி பற்றிய பகுதியில் அவர் வைத்த வாதத்தை இன்றைக்கும் நாம் சரியாக உள்வாங்கவில்லை என்று நினைக்கிறோம். கலைப்பாடமும் சட்டமும் படித்தவர்களால் மட்டும் இந்த மக்கள் முன்னேறிவிட முடியாது, அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க வேண்டும், ஆனால் அந்தப் படிப்புக்குச் செலவு அதிகம், அரசு பணம் தராமல் ஒரு சேரிப் பிள்ளையால் அங்கே நுழைய முடியாது என்றார். கேட்டது குத்துமதிப்பாக அல்ல. இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்களுக்கு 1 லட்சம் ரூபாய். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் இந்திய அரசு ஆளுக்கு 3 லட்சம் தருகிறதே, எங்களுக்கு என்ன என்பதுதான் கணக்கின் அடிப்படை. அத்தோடு, அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் இளைஞர்களைத் தொழிற்பயிற்சிக்கு எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். இன்று ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், சமுதாயக் கல்லூரி என்று நாம் பேசுகிற படிப்புகளுக்கான கோரிக்கையும் அந்த மனுவிலேயே இருந்தது.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம், பணம் இல்லை என்று சொல்ல அரசுக்கு நல்ல சாக்கு. ஆனாலும் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு என்று ஒப்புதல் வந்தது. 1944-இல் உதவித்தொகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. சிலர் இங்கிலாந்துக்கும் போனார்கள். 1948-49-இல் பழங்குடியினருக்கும் விரிந்தது. பிறகு வந்த 46ஆம் உறுப்பு, அட்டவணைச் சாதிகள், பழங்குடிகளின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு வளர்க்கும் பொறுப்பை அரசின் மேல் வைத்தது.

பரோடா மன்னர் தந்தது தயவு. 1944-இல் கருவூலத்திலிருந்து வந்தது மக்கள் கட்டிய வரிப்பணம். உப்புக்கும் தீப்பெட்டிக்கும் துணிக்கும் நம் பாட்டன்களும்தான் வரி கட்டினார்கள். அந்தப் பணத்தில் நடந்த கல்லூரிகளுக்குள் அவர்களால் நுழைய முடியவில்லை என்பதுதான் உண்மையான ஓசிக் கதை. ஓசியில் படித்தவர்கள் யார் என்று அந்தத் தங்கை வகுப்பில் திருப்பிக் கேட்கலாம்.

அம்பேத்கர் அரசிடம் கேட்டதோடு நிற்கவில்லை. 1945-இல் மக்கள் கல்விக் கழகம், 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி, 1950-இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரி. சித்தார்த்தா கல்லூரியில் வேலைக்குப் போகும் மாணவர்களுக்காகக் காலை வகுப்புகள் வைத்தார்கள். மராத்தி தலித் இலக்கியத்தின் ஒரு தலைமுறை மிலிந்த் கல்லூரி வளாகத்தில் உருவானது. அவர்களில் எத்தனையோ பேரின் மெஸ் பில்லை அந்த உதவித்தொகைதான் கட்டியது.

இனிமேல் வருவது கொஞ்சம் வறட்சியான கணக்கு. தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நம் காலில் கயிறு கட்டப்பட்டது இங்கேதான்.

இந்தத் திட்டத்துக்கு ஒன்றிய அரசு பணம் தருகிறது என்று பொதுவாகச் சொல்வோம். பல பத்தாண்டுகள் நடந்தது வேறு. ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலம் எவ்வளவு செலவு செய்ததோ, அந்தத் தொகை அடுத்த திட்டக் காலம் முழுக்க மாநிலத்தின் சொந்தப் பொறுப்பு. அதற்கு மேல் ஆகும் செலவை மட்டும் ஒன்றிய அரசு தரும். முதல் பார்வையில் நியாயமாகத் தோன்றும். ஆனால் அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைத்த மாநிலத்துக்கு அடுத்த சுற்றில் அதிகச் சுமை ஏறும். தமிழ்நாடு 2012-இல் அரசாணை எண் 92-ஐப் போட்டது. தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் சேரும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்ற ஆணை. பொறியியல் கல்லூரிகளுக்குள் நம் பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் போனது அதற்குப் பிறகுதான். அதனால் செலவு கூடியது. 12ஆம் திட்டம் 2017-இல் முடிந்ததும், தமிழ்நாட்டின் தலையில் விழுந்த பொறுப்புத்தொகை சுமார் 350 கோடியிலிருந்து 1,500 கோடிக்கு மேல் எகிறியது.

அதன் பின் ஐந்தாண்டுத் திட்டம் என்பதே ஒழிந்துவிட்டது. கணக்கு மட்டும் ஒழியவில்லை. 2017 முதல் 2020 வரை நாடு முழுவதுக்கும் ஒன்றிய அரசு தந்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி ரூபாய். பின்னாளில் உயர்வை அறிவித்தபோது அரசே ஒப்புக்கொண்ட தொகை இது. பஞ்சாபில் தனியார் கல்லூரிகள் தலித் மாணவர்களின் சான்றிதழ்களை நிறுத்தி வைத்தன, மாணவர்கள் சாலைக்கு வந்தார்கள். இங்கே சாலைக்கு வராமலேயே பலர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கிடையாது என்ற விதியும் அந்தக் காலத்தில் வந்ததுதான். கலந்தாய்வு என்றால் என்னவென்று சொல்ல ஆளில்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தரகர்கள் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கிற இடம் அந்த ஒதுக்கீடு. "எஸ்.சி.க்கு ஃபீஸே இல்ல" என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டில் மொத்தத்தையும் கேட்ட ஒரு கல்லூரியின் வாசலில் நாங்களே ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறோம்.

2020 டிசம்பர் 23 அன்று ஒன்றிய அமைச்சரவை பழைய முறையைக் கைவிட்டு 60-க்கு 40 என்ற பங்கீட்டுக்கு ஒப்புதல் தந்தது. 2025-26 வரையிலான காலத்துக்கு மொத்தம் 59,048 கோடி, அதில் ஒன்றியப் பங்கு 35,534 கோடி. இது முன்னேற்றம்தான், மறுக்க மாட்டோம். பல மாநிலங்களில் போராடிய மாணவர் அமைப்புகளுக்கும், கூட்டாட்சி என்ற பெயரில் நடந்த இந்த மோசடியைத் தொடர்ந்து எழுதியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் பராமரிப்புத் தொகையைப் பாருங்கள். 2010 விகிதப்படி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ., மேல்நிலை வகுப்பு அடங்கிய நான்காம் பிரிவில் வீட்டிலிருந்து போகும் மாணவருக்கு மாதம் 230 ரூபாய். பத்து மாதத்துக்கு 2,300. புதிய விகிதத்தில் ஆண்டுக்கு 2,500. விடுதியில் இருப்பவருக்கு மாதம் 380, அதாவது 3,800 என்று இருந்தது 4,000 ஆனது. பத்தாண்டுக்கு மேல் கழித்துக் கூடியது இருநூறு ரூபாய். தொழிற்படிப்பு அடங்கிய முதல் பிரிவின் விடுதி மாணவருக்குப் பன்னிரண்டாயிரம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ஆனது. 1942 மனுவில் தொழிற்பயிற்சிக்குப் போகிறவனையும் சேர்த்துக் கேட்டார் என்று சொன்னோமே, அவனுக்குத்தான் இங்கே மிகக் குறைவு. காலை ஆறு மணிக்குப் பேருந்து பிடித்து ஐ.டி.ஐ.க்குப் போகிற தம்பிக்கு மாதம் 250 ரூபாய் எத்தனை நாள் டீக்கும் பன்னுக்கும் வரும்?

வருமான வரம்பு இன்னொரு முள். 2013 முதல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம். மாதக் கணக்கில் 20,833 ரூபாய். அப்பா ஒப்பந்தத் துப்புரவுப் பணி, அம்மா வீட்டு வேலை, ஆளுக்குப் பதினோராயிரம் என்று வைத்துக்கொண்டாலே வரம்பைத் தாண்டிவிடும். பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினர் என்று 2019-இல் ஒரு பிரிவை உருவாக்கினார்களே, அவர்கள் நலிந்தவர்கள் ஆவதற்கான வரம்பு எட்டு லட்சம். அக்ரகாரத்து ஏழ்மைக்கும் சேரி ஏழ்மைக்கும் இந்த நாடு வைத்திருக்கும் இரண்டு அளவுகோல்கள் இவை. வேறு விளக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

பணம் போய்ச் சேரும் வழியும் மாறியது. இமாச்சலப் பிரதேசத்தில் 250 கோடி ரூபாய்க்கு மேல் உதவித்தொகை மோசடி என்று 2019-இல் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. பணத்தில் பெரும்பகுதி தனியார் நிறுவனங்களுக்குப் போயிருந்தது. இப்படிப்பட்ட மோசடிகளைக் காட்டி, இனி நேரடியாக மாணவர் கணக்குக்கே என்றார்கள். கல்லூரிகள் செய்த திருட்டுக்கு ஆதார், கைரேகை, வங்கிக் கணக்கு இணைப்பு என்று தன்னை நிரூபிக்கும் வேலை மாணவர் தலையில் விழுந்தது. இப்போது மாநிலம் தன் 40 பங்கைப் போட்ட பிறகு ஒன்றியத்தின் 60 பங்கு மாணவர் கணக்கில் விழும். விழுந்த ஏழு நாளுக்குள் கல்லூரிக்குக் கட்டிவிட வேண்டும். மகள் பெயரில் முப்பதாயிரம் வந்து நிற்கிற அதே வாரத்தில் வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் என்ன நடக்கும் என்று விதி எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கள் மேசைக்கு வந்த வழக்குகளில் இது புதிதல்ல. குற்றவாளியைப் போல அந்தப் பெண் எங்கள் முன் அழுதாள்.

பணம் தாமதமாவதை நிர்வாகச் சிக்கல் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவுக்கு 2015 ஜூலையிலிருந்து ஆய்வு நிதி வரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் விட்டுச்சென்ற கடிதத்தில் ஏழு மாதப் பாக்கி, ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் என்று கணக்கு இருந்தது. அதைத் தன் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொல்லியிருந்தார்.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954-55-இல் தொடங்கியது. அம்பேத்கர் கேட்ட அந்த 1 லட்சத்தின் வாரிசு என்று அதைச் சொல்லலாம். 2022-இல் அதன் விதிகளை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இனி கிடையாது. கொலம்பியாவில் 1916 மே மாதம் ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் எப்படித் தோன்றின என்று கட்டுரை வாசித்த இருபத்தைந்து வயது மாணவர், இன்றைக்கு விண்ணப்பித்தால் தகுதியில்லை என்று திரும்பியிருக்கும். மன்னர்கூட அப்படி ஒரு நிபந்தனை போடவில்லை.

சரி, இந்த ஆண்டு சேர்ந்திருப்பவர்களுக்கு. விண்ணப்பம் போடும் முன் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இ-சேவையில் எடுத்து வையுங்கள். வி.ஏ.ஓ. இல்லை, தாசில்தார் இல்லை என்று இரண்டு வாரம் இழுக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் எண் கொடுத்திருப்பது மட்டும் போதாது, அந்தக் கணக்கு ஆதார் வழிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைந்திருக்கிறதா என்று கிளையில் கேளுங்கள். இரண்டு கணக்கு இருந்தால் கடைசியாக இணைத்ததில்தான் பணம் விழும். சேரும்போதே கட்டணம் கேட்டால் அரசாணை 92-இன் நகலைக் காட்டுங்கள். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. வாய்மொழியாகச் சொல்வதை எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள், பாதிப்பேர் அங்கேயே பின்வாங்குவார்கள். கிறித்தவ ஆதிதிராவிடர் தோழர்கள் ஒன்றியத் திட்டத்தில் வரமாட்டார்கள். மாநிலத் திட்டத்தில் உங்களுக்கு உண்டு, தகுதியில்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

மேசை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கும். போன ஆண்டுப் பணம் வராதவர்கள் வங்கிப் புத்தகத்தைப் பதிவு போட்டு எடுத்து வாருங்கள். யாருக்கு எத்தனை மாதம் பாக்கி என்று ஒரே பட்டியலாக்கி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடம் திங்கட்கிழமை கொடுக்கப் போகிறோம்.